திருச்சி வானத்தில் இரண்டரை மணி நேரம்: மேலேயும் கீழேயும் யார் யார் என்ன செய்கிறார்கள்?

கேள்வி: "2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் கோளாறோடு இரண்டரை மணி நேரம் வானத்திலேயே சுற்றியதை டிவியில் பார்த்தோம். கோளாறு என்று தெரிந்தவுடனே ஏன் இறக்கவில்லை? அந்த மாதிரி நேரத்தில் விமானிகள், பணிப்பெண்கள், விமான நிலையத்தில் இருப்பவர்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அவர்களுக்குப் பயமே வராதா?"

இருபத்திரண்டு வருடம் விமான நிலையங்களில் தரைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கவுண்டரில் டிக்கெட் பார்ப்பதில் தொடங்கி, கடைசியில் விமான நிறுவனத்தின் நிலையப் பொறுப்பு வரை பார்த்தாயிற்று. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. பூஜை முடித்துப் பொரிகடலையோடு உட்கார்ந்திருந்தபோது பேரன் செல்பேசியை நீட்டினான். விமானங்கள் போகும் பாதையைக் காட்டும் செயலியில் ஒரே ஒரு விமானம் மட்டும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சிக்குக் கோலம் போட்ட மாதிரி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

மாலை 5.40 மணியளவில் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அது. போயிங் 737 வகை. உள்ளே 141 பயணிகள். கிளம்பிய சற்று நேரத்தில் ஹைட்ராலிக்கில் கோளாறு என்று விமானிகள் கண்டார்கள். சக்கரத்தை மடக்குவது, பிரேக், இறக்கையின் மடிப்புகள் இவற்றையெல்லாம் அசைக்கும் எண்ணெய் அழுத்தம்தான் ஹைட்ராலிக். டிவியில் 'வயிற்றால் தரையிறங்கப் போகிறது' என்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே வேண்டிக்கொண்டது. இரவு 8.15 வாக்கில் விமானம் சக்கரங்களோடு, வழக்கம்போல ஓடுபாதையில் இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

சரி, ஏன் உடனே இறக்கவில்லை? எடைதான் காரணம். போயிங் 737-800 கிளம்பும்போது சுமார் 79 டன் வரை இருக்கலாம். ஆனால் இறங்கும்போது சுமார் 66 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே ஏறும்போது சக்கரம் மெல்லத் தரையை விட்டுப் போகிறது. இறங்கும்போது அத்தனை எடையும் அதே சக்கரங்களின் மேல் உட்காருகிறது. இடையில் எரிந்துபோகும் எரிபொருள்தான் அந்த வித்தியாசம். ஷார்ஜாவுக்கு நாலு மணி நேரப் பயணம். அதற்கான எரிபொருளும் கையிருப்பும் நிரப்பிக்கொண்டுதான் கிளம்பியிருப்பார்கள். மிகப் பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானத்திலேயே வெளியேற்றிவிட வசதி உண்டு. 737-இல் அது கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரியும். திருச்சி ஓடுபாதையின் நீளம் 8,136 அடி. ஹைட்ராலிக் சந்தேகத்தில் இருக்கும்போது பிரேக் முழுப் பலத்தோடு பிடிக்குமா என்பதும் சந்தேகம்தான். எடை குறைந்தால் வேகமும் குறைவாக வைத்து இறங்கலாம், நிறுத்தவும் குறைந்த தூரம் போதும். அதனால்தான் சுற்றினார்கள். ஓடுபாதையின் நீளத்தைக் கணக்கில் வைத்து எடையைக் குறைக்கவே சுற்றினோம் என்று அந்த நிறுவனமும் பின்னர் சொன்னது.

இதே விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறுக்குப் பதிலாகப் புகை வந்திருந்தால்? எடையாவது ஒன்றாவது என்று அப்படியே திரும்பி இறங்கியிருப்பார்கள். கூடுதல் எடையோடு இறங்கினால் விமானத்துக்குச் சேதம் வரலாம், பிறகு பொறியாளர்கள் அலசிப் பார்ப்பார்கள். தீ அதற்கெல்லாம் நேரம் தராது. எந்த அவசரம் ஓடச் சொல்கிறது, எந்த அவசரம் உட்காரச் சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. அதை எந்த ஒரு மனிதராலும் தனியாகச் செய்ய முடியாது என்பதையும் இந்தத் தொழில் பல உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

விமானி அறையிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. முதல் வேலை, யார் ஓட்டுவது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது. ஒருவர் ஓட்டுவார், ஓட்டுவதை மட்டும் பார்ப்பார். மற்றவர் கோளாறைப் பார்ப்பார், செக்லிஸ்ட் படிப்பார், கட்டுப்பாட்டு அறையோடு பேசுவார். வேலைக்கு வரிசையும் உண்டு: முதலில் விமானம் ஒழுங்காகப் பறக்க வேண்டும், அடுத்து எங்கே போகிறோம் என்று தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் பேச்சு. கீழே இருந்து இரண்டு முறை கூப்பிட்டும் விமானி பதில் சொல்லவில்லை என்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அவர் முதல் இரண்டு வேலையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கப் பழகியிருந்தோம்.

மனப்பாடமாகச் செய்ய வேண்டியவை சிலவே. உதாரணமாக, 35,000 அடியில் கேபினின் காற்றழுத்தம் போய்விட்டால் மனிதருக்குச் சுயநினைவோடு வேலை செய்யக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அங்கே செக்லிஸ்ட் புத்தகம் தேட முடியாது. முகமூடியை மாட்டு, பிறகு 10,000 அடி வரை வேகமாகக் கீழே இறக்கு. மற்றதெல்லாம் புத்தகம் பார்த்துத்தான். எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் புத்தகம்தான். ஒரு இன்ஜினை நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அந்த விசையின் மேல் விரலை வைத்து, "இடது இன்ஜின், சரியா?" என்பார். மற்றவர் தன் கண்ணால் பார்த்து, "இடது இன்ஜின், சரி" என்பார். அதற்குப் பிறகுதான் விசை நகரும். இரண்டு நொடி வேலை. 1989 ஜனவரியில் இங்கிலாந்தில் கெக்வொர்த் என்ற ஊரருகே ஒரு 737, பழுதான இன்ஜினை விட்டுவிட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தியதால் விழுந்தது. 47 பேர் இறந்தார்கள். அந்த இரண்டு நொடியின் மதிப்பு அது.

திருச்சி விமானம் சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு விமானம்தான் நினைவில் ஓடியது. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம், 189 பேர். இறங்கச் சக்கரத்தை இறக்கியபோது பலத்த சத்தம். சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டியதா என்று தெரியவில்லை. கேப்டன் அதைச் சோதிப்பதிலும் பயணிகளைத் தயார் செய்வதிலும் மூழ்கி, சுமார் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றினார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடன் இருந்த பொறியாளரும் துணை விமானியும் அதைச் சொன்னார்கள். ஆனால் பெரியவர் முன்னால் குரல் தாழ்த்திச் சொல்வோமே, அந்த மாதிரி சொன்னார்கள். கேப்டன் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, ஓடுபாதைக்குச் சில மைல் முன்னால் புறநகர் மரங்களுக்குள் விமானம் விழுந்தது. பத்து பேர் இறந்தார்கள். எரிபொருளைப் பற்றிச் சொன்ன அந்தப் பொறியாளரும் அதில் ஒருவர்.

அங்கேயும் சுற்றல்தான், திருச்சியிலும் சுற்றல்தான். ஒன்று எரிபொருளைக் கணக்குப் பார்க்காமல் சுற்றியது. மற்றது எரிபொருளைக் குறைக்கவே, கணக்குப் போட்டுச் சுற்றியது.

போர்ட்லாண்டுக்குப் பிறகு உலக விமானத்துறை ஒரு முடிவுக்கு வந்தது. பறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஒரு குழுவாகப் பேசவும் கேட்கவும் தெரிய வேண்டும். 1979-இல் நாசா இதற்கென்று ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் அதே யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு இதைப் பயிற்சியாகவே தொடங்கியது. 'சிஆர்எம்' என்பார்கள். இன்று நம் நாட்டிலும் விமானி, கேபின் பணியாளர் எல்லோருக்கும் இது கட்டாயம். சின்னவர் பெரியவரிடம், "கேப்டன், எரிபொருள் இன்னும் பதினைந்து நிமிடத்துக்குத்தான், இப்போதே திரும்ப வேண்டும்" என்று நேராகச் சொல்லப் பழக்குவார்கள். பெரியவர் அதைக் கேட்டு நன்றி சொல்லப் பழக்குவார்கள். நம் ஊரில் மூத்தவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது லேசில் வராது. பயிற்சியில் திணறிய பல இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். மரியாதையைக் குறைக்காமல் குரலை உயர்த்தக் கற்பதுதான் அவர்களுக்குக் கஷ்டமான பாடம்.

அந்தப் பயிற்சியின் பலனை 1989 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. யுனைடெட் 232, டிசி-10, 296 பேர். வால் இன்ஜினின் விசிறித் தட்டு உடைந்து சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டது. ஸ்டியரிங் போன பஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, பயணியாக வந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானியை உள்ளே அழைத்தார். மீதமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தை மாற்றி மாற்றிக் கூட்டிக் குறைத்தே நாலு பேரும் சேர்ந்து 44 நிமிடம் விமானத்தை ஓட்டினார்கள். அமெரிக்காவின் சியூ சிட்டியில் இறங்கும்போது உடைந்து தீப்பிடித்தது. ஆனாலும் 184 பேர் பிழைத்தார்கள். இதற்குக் கீழே இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு. இரண்டு வருடம் முன்புதான் அந்த ஊர் பெரிய விமான விபத்து ஒத்திகை நடத்தியிருந்தது. மருத்துவமனைகளில் ஷிப்ட் மாறும் நேரம் என்பதால் இரண்டு ஷிப்ட் ஆட்களும் கையில் இருந்தார்கள்.

இப்போது கதவுக்கு இந்தப் பக்கம், கேபினுக்கு வருவோம். கேப்டன் மூத்த கேபின் பணியாளரை அழைத்தால் நாலு விஷயம் சொல்வார்: என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா. கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் காது ஒன்றைக் கேட்கும், மனம் வேறொன்றை வாங்கும். திருப்பிச் சொன்னால்தான் பிசகு தெரியும். பிறகு அவர் மற்ற பணியாளர்களுக்கு அதே நாலையும் சொல்வார். எல்லோர் கைக்கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்வார்கள்.

நேரம் இருந்தால் கேபினைத் தயார் செய்வார்கள். கூரான பொருள், ஹீல்ஸ் செருப்பு எல்லாம் கழற்ற வேண்டும். குழந்தையை எப்படிப் பிடிப்பது, தலையை எப்படிக் குனிவது என்று ஒவ்வொரு வரிசையாகச் சொல்ல வேண்டும். கதவருகே திடமான ஆட்களாகப் பார்த்து உட்கார வைத்து, "நான் விழுந்துவிட்டால் இந்தக் கைப்பிடியை இப்படித் தூக்குங்கள்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். தான் விழக்கூடும் என்பதைச் சிரித்த முகத்தோடு ஒரு அந்நியரிடம் சொல்கிற அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

அடுத்த முறை விமானம் ஏறினால் ஒன்றைக் கவனியுங்கள். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பணிப்பெண்கள் தங்கள் மடிப்பு இருக்கையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, முதுகை ஒட்டி, எங்கோ பார்த்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். களைப்பு என்று நினைப்போம். அவர்கள் மனதுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும். இப்போது ஏதாவது நடந்தால் என் கதவு எது, வெளியே தீ இருக்கிறதா என்று எந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன், முதல் வார்த்தையாக என்ன கத்துவேன், எனக்கு உதவ இந்த வரிசையில் யார் இருக்கிறார். நல்லபடியாகப் போகிற நூற்றுக்கணக்கான பயணங்களிலும், ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும், இந்த அரை நிமிடத்தை அவர்கள் விடுவதில்லை.

ஒரு புது வகை விமானத்துக்கு அனுமதி தரும் முன், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி எல்லோரையும் 90 நொடியில் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அதைச் சாத்தியமாக்குவது கதவருகே நிற்பவரின் குரல். பயிற்சிக் கூடத்தில் கத்தக் கற்றுக்கொடுப்பார்கள். சாப்பாடு பரிமாறும்போது பேசிய குரல் அங்கே உதவாது. "விட்டுவிட்டு வா! குதி!" என்று அடிவயிற்றிலிருந்து வர வேண்டும்.

ஆனால் நடைமுறையில் அதிகம் வருவது தீயும் அல்ல, தண்ணீரில் இறங்குவதும் அல்ல. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போவதுதான். 2013-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, 604 பயணங்களுக்கு ஒரு மருத்துவ அவசரம் என்று கணக்குப் போட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மயக்கம். விமானத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர், மருத்துவப் பெட்டி, இதயத்துக்கு மின்னதிர்வு தரும் கருவி எல்லாம் பெரும்பாலும் இருக்கும். பணியாளர்களுக்கு நெஞ்சு அழுத்தத் தெரியும். பயணிகளில் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பார்கள். பல நிறுவனங்கள் தரையில் இருக்கும் டாக்டர்களிடம் ரேடியோவிலோ செயற்கைக்கோள் தொலைபேசியிலோ கேட்கவும் ஏற்பாடு வைத்திருக்கின்றன.

நான் சென்னையில் இருந்தபோது, வளைகுடாவிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்த ஒரு விமானம் நெஞ்சுவலிப் பயணி ஒருவருக்காகத் திரும்பி இறங்கியது. கதவு திறந்ததும் டாக்டருக்குப் பின்னால் நானும் உள்ளே போனேன். நடு வரிசைப் பாதையில் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். பக்கத்தில் முட்டி போட்டிருந்த பணிப்பெண், டாக்டர் கேட்பதற்கு முன்பே ஒரு காகித நாப்கினை நீட்டினார். நீல மையில் வரிசையாக எழுதியிருந்தது: 3.12 வலி, வியர்வை. 3.14 ஆக்ஸிஜன். 3.20 ஆஸ்பிரின், தரை டாக்டர் சொல்படி. 3.31 நாடி 48. 3.40 பேசுகிறார், மகன் பேரைச் சொன்னார். டாக்டர் அதை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தார். வேறு கேள்வி கேட்கவில்லை, வேலையில் இறங்கிவிட்டார்.

இனி கீழே. விமானி 'பான்-பான்' என்று மூன்று முறை சொன்னால் சிக்கல், கவனியுங்கள் என்று பொருள். 'மேடே' என்று மூன்று முறை சொன்னால் உயிருக்கு ஆபத்து. 7700 என்ற எண்ணை அழுத்தினால் ரேடார் திரையில் அந்த விமானம் தனித்துத் தெரியும். கட்டுப்பாட்டு அதிகாரி மற்ற விமானங்களை ஒதுக்கி வழிவிடுவார், கேள்விகளைச் சுருக்கிக்கொள்வார்: உள்ளே எத்தனை பேர், எரிபொருள் எவ்வளவு நேரத்துக்கு, அபாயகரமான சரக்கு உண்டா. நம் நாட்டு விமான நிலையங்களில் தயார் நிலைக்குப் படிகள் உண்டு. சிறு சந்தேகம் என்றால் 'லோக்கல் ஸ்டாண்ட்பை', ஆபத்து என்றால் 'ஃபுல் எமர்ஜென்சி'. திருச்சியில் விமானிகள் முறைப்படி எமர்ஜென்சி அறிவிக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் விமான நிலையம் முழு அளவில் தயாரானது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியுமாக வரிசைகட்டி நின்றன. மேலே இருப்பவர் 'சமாளித்துக்கொள்வேன்' என்று நினைக்கலாம். கீழே இருப்பவர் சமாளிக்க முடியாமல் போனால் என்ன என்றுதான் நினைக்க வேண்டும். அது அவர் வேலை.

விமான நிலையத் தீயணைப்பு வீரர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் சற்று எழுதுகிறேன். ஓடுபாதையின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்குள் அவர்கள் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேச விதி. இரண்டு நிமிடத்தில் சேர்வதே இலக்கு. அதற்காக மாதக்கணக்கில், வருடக்கணக்கில், ஒன்றுமே நடக்காத நாட்களில் ஓடிப் பழகுகிறார்கள். விமானம் இறங்கும் முன்பே ஓடுபாதை ஓரத்தில் குறித்த இடங்களில் இன்ஜினை அணைக்காமல் நிற்பார்கள். விமானம் தாண்டியதும் பின்னாலேயே ஓடுவார்கள். கொதிக்கும் சக்கரத்தைப் பக்கவாட்டிலிருந்து நெருங்க மாட்டார்கள், முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான். வெடித்தால் பக்கவாட்டில்தான் சிதறும். நண்பகலில் தார்த்தரை கொதிக்கும்போது அந்த வெள்ளி நிற உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வண்டிக்குள் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவர் எனக்கு ஒரு தடவை மாட்டிக் காட்டினார். பத்து நிமிடம் தாங்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது விமான நிலையங்கள் முழு ஒத்திகை நடத்த வேண்டும். கல்லூரி மாணவர்கள் காயம்பட்டவர்களாகப் படுத்துக் கிடப்பார்கள், சிவப்புச் சாயம் பூசியிருக்கும். ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வருவது, வாசல் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த மருத்துவமனையில் எத்தனை கட்டில் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். எங்கள் ஒத்திகை ஒன்றில் எல்லாம் பிரமாதமாக நடந்தது. ஆனால் வெளியே இருந்து வந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு உள்ளே வழிகாட்ட ஆள் இல்லை, பதினொரு நிமிடம் போய்விட்டது. அடுத்த நாளே வழிகாட்டும் வண்டி ஒன்றை அந்த வாசலுக்கென்று ஒதுக்கினோம்.

விமான நிறுவனத்தின் தரைப் பணியாளருக்கு, அதாவது எங்களுக்கு, முதல் வேலை பயணிகள் பட்டியலைக் கணினியில் பூட்டுவது. யாரும் திறந்து பார்க்கவோ மாற்றவோ முடியாதபடி. டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் ஏறியிருக்க மாட்டார்கள். கடைசி நிமிடத்தில் ஒருவர் இறங்கியிருப்பார், ஒருவர் இடம் மாறியிருப்பார். தவறான பெயர் வெளியே போனால் ஒரு குடும்பம் காரணமே இல்லாமல் நிலைகுலைந்துவிடும். அதனால் கிழித்து வைத்த போர்டிங் பாஸ்களை எண்ணி, பட்டியலோடு ஒட்டிப் பார்க்கும் வரை ஒரு பெயரும் வாயில் வராது.

அடுத்தது உறவினர்கள். வளைகுடாவுக்குப் போகிறவரை வழியனுப்ப நம் பக்கம் வேன் பிடித்து வருவார்கள், உங்களுக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு விமான நிலையத்தில், டயர் வெடித்த சந்தேகத்தில் ஒரு விமானம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் துண்டைக் கையில் பிடித்தபடி கவுண்டருக்கு ஓடி வந்தார்.

"தம்பி, எம்பொண்ணு போன பிளேன் விழுந்துடுச்சுன்னு சொல்றாங்களே?"

"இல்லங்கய்யா. பிளேன் மேலதான் பறந்துட்டு இருக்கு. பைலட்கிட்ட பேசிட்டு இருக்காங்க. எறங்குனதும் மொத ஆளா உங்ககிட்ட வந்து நான் சொல்றேன். அதுவரைக்கும் கால் மணிக்கு ஒருக்கா வந்து சொல்றேன், புதுசா ஒண்ணும் இல்லேன்னாலும் வர்றேன்."

இதில் ஒரு வார்த்தைகூட நானாகச் சொன்னது கிடையாது, பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். தெரிந்ததை மட்டும் சொல். 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லாதே, அது உனக்குத் தெரியாது. அடுத்து எப்போது வருவாய் என்று சொல், சொன்ன நேரத்துக்குப் போய் நில். மூன்றாவது முறை நான் போனபோது அந்தப் பெரியவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

இறங்கியபிறகும் அந்தப் பழைய கேள்வி விடாது: ஓடுவதா, உட்காருவதா? 1980 ஆகஸ்ட் 19, ரியாத். சவுதியா 163 சரக்கறைத் தீயோடு பத்திரமாகத் தரையிறங்கியது. இறங்கிய பிறகு உடனே நிற்காமல் ஓடுபாதை வழியே போய், இன்ஜின்களையும் உடனே அணைக்காமல், வெளியேறும் உத்தரவும் வராமல் நேரம் போனது. உள்ளே இருந்த 301 பேரும் தரையில் நின்ற விமானத்துக்குள்ளேயே இறந்தார்கள். அங்கே ஓடியிருக்க வேண்டும்.

2010 நவம்பர் 4, சிங்கப்பூர் சாங்கி. குவாண்டாஸ் 32, ஏ380, 469 பேர். இரண்டாம் இன்ஜின் வெடித்து இறக்கையைத் துளைத்திருந்தது. திரையில் அடுக்கடுக்காக வந்த எச்சரிக்கைகளைச் சுமார் 50 நிமிடம் சுற்றியபடி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துத்தான் கேப்டன் ரிச்சர்ட் டி க்ரெஸ்பினி இறக்கினார். இறங்கியபின் எரிபொருள் ஒழுகுகிறது, பிரேக் கொதிக்கிறது, முதல் இன்ஜின் அணையவே மாட்டேன் என்கிறது. இறங்கி ஓடுங்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் பயணிகளை உள்ளேயே உட்கார வைத்தார். வெளியே ஒழுகிக் கிடக்கும் எரிபொருளுக்கும் ஓடும் இன்ஜினுக்கும் நடுவில் நானூறு பேரைச் சறுக்கி விடுவதைவிட, தீயணைப்பு வீரர்கள் நுரை அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இருப்பதே மேல் என்பது அவர் கணக்கு. கதவுகள் எல்லாவற்றிலும் பணியாளர்கள் தயாராக நின்றார்கள். பிறகு ஒரு பக்கமாகப் படிக்கட்டு வைத்து, எல்லோரும் நடந்தே இறங்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. அந்த இன்ஜினை அணைக்க மட்டும் சுமார் மூன்று மணி நேரம் நுரை அடிக்க வேண்டியிருந்தது.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 இறங்கும்போது ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறினார்கள். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. கையில் பிடிக்கும் மெகாபோனிலும் வெறும் தொண்டையாலும் கத்தித்தான் அவர்களை வழிநடத்தினார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றுதான் பாதுகாப்பு. பின்பக்கப் பணியாளருக்கு விமானி அறையோடு தொடர்பே கிடைக்கவில்லை. வெளியே பார்த்து, தன் முடிவிலேயே கதவைத் திறந்தார். பயணிகள் பைகளை விட்டுவிட்டு வந்தார்கள். மேலே இருக்கும் பெட்டியை எடுக்க ஒருவர் நின்றால் பின்னால் முப்பது பேர் நிற்பார்கள் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும். யாராவது மீதமிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கேப்டன் கடைசியாக இறங்கினார்.

கடைசியாக, பயமே வராதா என்று கேட்டீர்கள். வரும். அடுத்து என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருப்பதால் பயம் வரிசையில் பின்னால் போய் நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த நெஞ்சுவலிப் பெரியவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியதும், பணிப்பெண் என்னிடம் மணி கேட்டார். 4.21 என்றேன். நாப்கினின் கடைசி ஓரத்தில் '4.21 ஆம்புலன்ஸ்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நகல் எடுக்க என்னிடம் கொடுத்தார். அதைக் கொடுத்த பிறகுதான் அவர் கை நடுங்கத் தொடங்கியது. விமானத்தின் சமையல் பகுதியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். விமானம் தொடர்ந்து கிளம்பியபோது அவரைக் கேப்டன் வேலையில் வைக்கவில்லை. பயணியாக உட்கார வைத்துக் கூட்டிப் போனார்.

நாலு நாள் கழித்து ஒரு இளைஞர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இருக்கைக்கு அடியில் ஒரு ஜோடி தோல் செருப்பு விட்டுப்போயிருக்கும், இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, துண்டுச்சீட்டு ஒட்டி எடுத்து வைத்திருந்தோம்.

"அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு சார்," என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.